கம்பு வீச்ச ஒரே ஃபிரேம்ல பிரிச்சு பாக்கறது: சேலத்துல பண்ணுன மல்டி ஃப்ளாஷ் சோதனை

சேலம் குகை பக்கம் சிலம்பம் கத்துக்குடுக்கற ஒரு ஆசான் கேட்ட கேள்வியில இருந்துதான் இந்த வேலை ஆரம்பிச்சுது. "கம்பு சுத்தறப்ப எந்த எடத்துல வேகம் கொறையுதுன்னு எனக்கு சத்தத்துலயே தெரிஞ்சுருது தம்பி, ஆனா புள்ளைங்களுக்கு கண்ணால காட்ட முடியல, போன்ல எடுத்தா மங்கலா ஒரு வட்டம்தான் வருது, உங்க கேமராவுல இதுக்கு ஏதாச்சும் வழி இருக்குதா"ன்னு கேட்டாரு. நான் கல்யாண போட்டோ எடுக்கற ஆளு, இடையில செவ்வாய்பேட்டை வெள்ளி பட்டறைக்காரங்களுக்கு கொலுசு கேட்டலாக் எடுத்து குடுப்பேன், அசையற பொருளை அளந்து பாக்கற மாதிரி படம் எடுக்கறது எனக்கு புது வேலை. ஆனா கேள்வி ரொம்ப நல்ல கேள்வியா இருந்துச்சு. அழகா ஒரு போஸ்டர் வேணும்னு அவரு கேக்கல, வேகம் எங்க விழுதுன்னு தெரியணும்னு கேட்டாரு, அதனால படமும் அந்த கேள்விக்கு பதில் சொல்றதா இருக்கணும்னு முடிவு பண்ணிகிட்டேன்.

முதல்ல கணக்கு. சுத்தப்போறது பதினோராவது படிக்கற பொண்ணு, அவ நெத்தி ஒசரத்துக்கு 5 அடி கம்பு, நடுவுல புடிச்சு சுத்துனா ரெண்டு பக்கமும் சுமார் 76 செமீ. போன்ல ஸ்லோமோஷன் எடுத்து ஒரு முழு சுத்துக்கு எத்தன ஃபிரேம் ஆகுதுன்னு எண்ணி பாத்தோம், நொடிக்கு 120 ஃபிரேம்ல ஒரு சுத்துக்கு கிட்டத்தட்ட 40 ஃபிரேம், அப்படின்னா நொடிக்கு 3 சுத்து. கம்போட நுனி அப்ப நொடிக்கு 14 மீட்டருக்கு மேல போகுது, அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர் கிட்ட, நம்ம ஐந்து ரோட்டுல டவுன் பஸ்ஸு கூட அந்த வேகத்துல போறதில்ல. 1/60 நொடி ஷட்டர்ல எடுத்தா அந்த நேரத்துக்குள்ள நுனி 24 செமீ நகந்துரும், போன் வீடியோவுல மங்கலா வட்டமா தெரியறதுக்கு காரணம் இதுதான், போன குத்தம் சொல்ல ஒண்ணும் இல்ல.

ஷட்டர வேகமா வெச்சா கம்பு நிக்கும், ஆனா ஒரே ஒரு எடத்துலதான் நிக்கும், முன்னாடி எங்க இருந்துச்சு அப்பறம் எங்க போச்சுன்னு தெரியாது. பர்ஸ்ட்ல நொடிக்கு 20 படம் எடுத்து கம்ப்யூட்டர்ல ஒண்ணு மேல ஒண்ணு சேத்தா ஆகாதான்னு கூட வேலை பாக்கற பையன் கேட்டான். சேக்கலாம்தான், ஆனா நொடிக்கு 3 சுத்துன்னா ஒவ்வொரு படத்துக்கும் நடுவுல கம்பு 54 டிகிரி திரும்பிருக்கும், அந்த 54 டிகிரிக்குள்ள வேகம் கூடுச்சா கொறஞ்சுச்சான்னு கண்டுபுடிக்கவே முடியாது. கேமரா தலையில ஷூன்னு சொல்ற பிடியில மாட்டற சாதாரண ஃப்ளாஷுலயே ரிப்பீட் மோடுன்னு ஒண்ணு இருக்கு, சில கம்பெனி மல்டின்னு போட்டுருப்பாங்க, அது நொடிக்கு 100 தடவ வரைக்கும் வெட்டும். இருட்டுல ஷட்டர தெறந்து வெச்சுட்டு ஃப்ளாஷ பல தடவ வெட்ட விட்டா, ஒவ்வொரு வெட்டும் ஒரு நிலைய பதிச்சுரும், எல்லாமே ஒரே ஃபிரேம்ல. ரெண்டு நிலைக்கு நடுவுல இருக்கற நேரம் எப்பவும் ஒண்ணுதான், அதனால எங்க இடைவெளி அதிகமோ அங்க வேகம் அதிகம், எங்க நெருங்குதோ அங்க வேகம் கம்மி. ஆசானுக்கு வேண்டியது இந்த இடைவெளிதான். எனக்கு இந்த முறை மேல இவ்வளவு ஆசை வந்ததுக்கும் இதுதான் காரணம், படத்துக்குள்ளயே கடிகாரம் ஓடுது.

இது புது ஐடியா கிடையாது. பிரான்ஸ்ல மாரேன்னு ஒரு உடலியல் அறிஞர் 1880கள்லயே ஒரே போட்டோ தட்டுல பல நிலைய பதிச்சவரு, நடக்கற ஆளுக்கு முழு கருப்பு துணிய போட்டு கை கால் நெடுக வெள்ள பட்டைய ஒட்டி, கருப்பு சுவத்துக்கு முன்னாடி நடக்க விட்டாரு, உடம்பு மறஞ்சு போயி அசைவு மட்டும் கோடா வந்துச்சு. அப்பறம் அமெரிக்காவுல எம்ஐடிங்கற தொழில்நுட்ப பல்கலைக்கழகத்துல எட்ஜர்டன்னு ஒரு பொறியாளர், 1930கள்ல மின்சார ஃப்ளாஷ வெச்சு கோல்ஃப் அடிக்கறத, பால் சொட்டு தெறிக்கறத எல்லாம் எடுத்தாரு, அவரு கூட வேலை பாத்த ஜான் மிலி அதே நுட்பத்த லைஃப் பத்திரிகைக்கு கொண்டு போயி டான்ஸ் ஆடறவங்க, டிரம் வாசிக்கறவங்கன்னு எடுத்தாரு. எட்ஜர்டனுக்கு மொதல்ல இருந்த ஆசை போட்டோ இல்ல, ஓடற மோட்டார நிக்கற மாதிரி காட்டி உள்ள என்ன நடக்குதுன்னு பாக்கறதுதான். இந்த விஷயம் நம்ம சோதனைக்கு நேரா வந்து நிக்கும், கொஞ்சம் பொறுங்க.

ஃப்ளாஷ் நெஜமாவே சொல்ற நேரத்துக்குத்தான் வெட்டுதான்னு மொதல்ல சரி பாக்கணும்னு நெனச்சேன், ஏன்னா நாம அளக்கப்போறதே அத நம்பித்தான். அதுக்கு ஸ்கூல்ல படிச்ச பாடமே போதும். ஸ்டுடியோவுல கருப்பு துணி தொங்கவிட்டு, பக்கத்துல டேப்ப செங்குத்தா ஒட்டி, ஒரு வெள்ள கிரிக்கெட் பந்த மேல இருந்து கீழ விட்டோம், ஃப்ளாஷ் நொடிக்கு 20 தடவ. கீழ விழற பொருளுக்கு ஒவ்வொரு இடைவெளியும் முன்னத விட ஒரே அளவுக்கு கூடிட்டே போகணும், 1/20 நொடிக்கு அந்த கூடுதல் 2.45 செமீ வரணும். எங்க படத்துல ஸ்கேல் வெச்சு பாத்தா கூடுதல் எல்லாம் ரெண்டரை செமீய ஒட்டியே இருந்துச்சு, அளக்கறதுல வர்ற சின்ன வித்தியாசம்தான். ஃப்ளாஷ நம்பலாம்னு ஆச்சு. டேப் பந்து விழற கோட்டுக்கு அதே தூரத்துல இருக்கணும், பின்னாடி துணியில ஒட்டுனா அளவு கூட காட்டும், இத யாரு பண்ணுனாலும் கவனிச்சுக்கோங்க.

அடுத்து எடம். நல்ல இருட்டு வேணும், ஒசரம் வேணும், பின்னாடி வெகு தூரம் வேணும். ஆடி மாசம், முகூர்த்தம் இல்ல, கல்யாண மண்டபம் எல்லாம் காலியா கெடக்கும், எனக்கு பழக்கமான ஒரு சின்ன மண்டபத்துல ராத்திரிக்கு மட்டும் கேட்டு வாங்கிட்டோம். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா நேரம் வேற, ஊரெல்லாம் லைட்டும் மைக்செட்டுமா இருந்துச்சு, வெளிச்சம் உள்ள வராம வெண்டிலேட்டருக்கெல்லாம் அட்டை ஒட்டறதுக்கே பாதி சாயங்காலம் போச்சு.

இருட்டு ஏன் இவ்வளவு முக்கியம்னா, அசையாத பொருள் ஒவ்வொரு வெட்டுக்கும் வெளிச்சத்த வாங்கி சேத்து வெச்சுக்கும். வெளிச்சம் ரெண்டு மடங்கு ஆனா ஒரு ஸ்டாப்னு கணக்கு, 8 வெட்டுன்னா 3 ஸ்டாப் கூட, 16 வெட்டுன்னா 4 ஸ்டாப் கூட. கம்பு ஒவ்வொரு எடத்துலயும் ஒரே ஒரு தடவதான் வெளிச்சம் வாங்குது, ஆனா பின்னாடி இருக்கற சுவரு எல்லா வெட்டையும் வாங்கிக்குது, அதனால ஒத்த ஃப்ளாஷுல கருப்பா தெரியற சுவரு இதுல நல்லா சாம்பல் கலர்ல வந்து நிக்கும், கம்பு அதுல மூழ்கி போயிரும். காட்டன் கருப்பு துணிய விட வெல்வெட் நல்லா வெளிச்சத்த குடிக்கும், அத விட நல்லது தூரம். நாங்க வெல்வெட்ட பொண்ணுக்கு பின்னாடி 5 மீட்டர் தள்ளி தொங்கவிட்டு, ஃப்ளாஷ ரெண்டு பக்கவாட்டுலயும் வெச்சு, துணி மேல வெளிச்சம் படாத மாதிரி கருப்பு அட்டைய மடக்கி ஃப்ளாஷ் தலைக்கு மூடி மாதிரி கட்டிட்டோம். ஃப்ளாஷ் இல்லாம அதே செட்டிங்ல ஒரு வெறும் படம் எடுத்து பாக்கணும், அது முழுக்க கருப்பா வரணும், வந்தாத்தான் வேலைய ஆரம்பிக்கலாம். ஒரே ஒரு ஜீரோ வாட்ஸ் பல்ப மட்டும் கேமராவுக்கு பின்னாடி எரிய விட்டோம், ஏன்னா கும்மிருட்டுல கம்பு சுத்த சொல்றது ஆபத்து, லென்ஸ் துளைய எஃப் 8ங்கற அளவுக்கு சுருக்கி வெச்சதால ஒரு நொடிக்கு அந்த வெளிச்சம் பதியவே இல்ல.

இன்னொண்ணு, இத நான் லேசா சொல்லிட்டு போக மாட்டேன். நொடிக்கு 3ல இருந்து 30 வரைக்கும் விட்டு விட்டு அடிக்கற வெளிச்சம், வலிப்பு வர்ற தன்மை உள்ள சிலருக்கு அத தூண்டிவிடும். வந்திருந்த புள்ளைங்க வீட்டுல எல்லாம் முன்னாடியே போன் பண்ணி கேட்டுட்டுத்தான் உள்ள விட்டோம், சுத்தாத புள்ளைங்கள மண்டபத்துக்கு வெளிய உக்கார வெச்சோம், ஒவ்வொரு தடவ அடிச்சதும் கொஞ்ச நேரம் விட்டுத்தான் அடுத்தது. ஃப்ளாஷுக்கும் அந்த இடைவேளை வேணும், தொடர்ந்து ரிப்பீட்ல அடிச்சா தலை சூடாகி உள்ள இருக்கற குழாய் வீணாயிரும், மேனுவல்லயே எச்சரிக்கை இருக்கும்.

ஃப்ளாஷ் பவர முழு பவர்ல 1/32 பங்குக்கு வெச்சோம். இதுக்கு ரெண்டு காரணம். ஷூ ஃப்ளாஷ் முழு பவர்ல சுமார் 1/1000 நொடி எரியும், அதுக்குள்ள கம்பு நுனி ஒன்றரை செமீ நகந்துரும், ஓரம் மங்கும். பவர கொறைக்க கொறைக்க எரியற நேரமே சுருங்கும், 1/32க்கு பக்கத்துல 1/20,000 நொடி அளவுக்கு வந்துரும், அப்ப நுனி நகர்றது ஒரு மில்லிமீட்டர் கூட இல்ல. ரெண்டாவது காரணம் கரண்ட் கணக்கு, பத்து வெட்டு 1/32ன்னா மொத்தம் 10/32, அதாவது ஃப்ளாஷுக்குள்ள கரண்ட சேத்து வெக்கற கெப்பாசிட்டர்ல இருக்கறதுல மூணுல ஒரு பங்கு கூட ஆகாது, எல்லா வெட்டும் ஒரே அளவு வெளிச்சமா வரும். 1/8ல வெச்சு பத்து வெட்டு கேட்டா இருப்ப விட அதிகமா கேக்கறோம், கடைசி வெட்டெல்லாம் மங்கி போகும், இல்லன்னா வெட்டவே வெட்டாது. வெளிச்சம் கம்மி ஆகறத ஈடு கட்ட கேமராவோட ஐஎஸ்ஓவ, அதாவது வெளிச்சத்த உணர்ற அளவ, 800க்கு ஏத்திட்டு ஃப்ளாஷ கம்பு சுத்தற எடத்துல இருந்து 2 மீட்டர்ல வெச்சோம், எஃப் 8க்கு சரியா போதுச்சு. ஃப்ளாஷோட பலத்த சொல்ற கைடு நம்பர் 36ஆ இருந்தா 1/32ல அது 6.4 ஆயிரும், அத வெச்சு வீட்டுலயே கணக்கு போட்டுட்டு போயிரலாம்.

மொத சோதனை நொடிக்கு 12 வெட்டு, ஷட்டர் 1 நொடி. பொண்ணு நின்ன எடத்துலயே முன்னாடி பாத்து சுத்துனா. ஸ்கிரீன்ல பாத்தா பன்னெண்டு கம்பு வரவேண்டிய எடத்துல ரெண்டே ரெண்டு தடிச்ச கோடு, நல்லா பெருசா ஒரு கூட்டல் குறி. கூட வந்த பையன் ஃப்ளாஷ் சரியா வெட்டலன்னு பேட்டரிய கழட்ட ஆரம்பிச்சுட்டான். அப்ப பின்னாடி நின்னு பாத்துட்டு இருந்த மண்டபத்து வாட்ச்மேன் அய்யா கிட்ட வந்து, "லைட்டு நல்லாத்தான் கண்ணு அடிக்குது, நான் எண்ணுனேன். எங்க மில்லுல ஸ்பிண்டில் வேகம் பாக்க இந்த மாதிரி லைட்டுதான் வெச்சிருப்பாங்க, லைட்டு வேகத்த திருகிட்டே வந்தா ஒரு எடத்துல ஸ்பிண்டில் நிக்கற மாதிரி தெரியும், அப்ப அந்த நம்பர படிச்சுக்கறது. உங்க லைட்டும் கம்பும் ஒத்து போயிருச்சு"ன்னாரு. அவரு பல வருஷம் ஸ்பின்னிங் மில்லுல ரிங் ஃபிரேம்ங்கற நூல் நூக்கற மெஷின்ல இருந்தவரு. நிமிஷத்துக்கு பதினைஞ்சாயிரம் சுத்துக்கு மேல ஓடற ஸ்பிண்டில கையால தொடாம அளக்கறதுக்கு ஸ்ட்ரோபோஸ்கோப்புதான் கருவி, எட்ஜர்டன் மோட்டார் முன்னாடி புடிச்சது இதே வெளிச்சத்தத்தான்.

அய்யா சொன்னத காகிதத்துல போட்டு பாத்தா எல்லாம் தெளிவாயிருச்சு. நொடிக்கு 3 சுத்து, 12 வெட்டு, அப்ப ஒவ்வொரு வெட்டுக்கும் 90 டிகிரி. அதோட கம்புக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி, பாதி சுத்து திரும்புனாலே பழைய நிலை மாதிரியே தெரியும். அதனால 0, 90, அப்பறம் 180 வந்தா அது 0 மேலயே விழுது, 270 வந்தா 90 மேல விழுது. ரெண்டு கோட்டுலயும் ஆறு ஆறு கம்பு அடுக்கி நிக்குது. மனுச கை மெஷின் இல்லாததால கொஞ்சம் முன்ன பின்ன விழுந்து கோடு தடிச்சிருக்கு, அவ்வளவுதான். மில்லுல ஒத்து போகணும்னு தேடறாங்க, நமக்கு ஒத்து போகவே கூடாது. இந்த சோதனை மொத்தத்துலயும் எனக்கு கெடச்ச பெரிய விஷயம் இதுதான்னு சொல்லுவேன். மல்டி ஃப்ளாஷ் எடுக்கறவங்க நெறைய பேரு "10 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 10 தடவ) 10 வெட்டு"ன்னு ஒரு செட்டிங்க மனப்பாடமா வெச்சிருக்காங்க, நேரா போற பொருளுக்கு அது ஓகே, சுத்தற பொருளுக்கு முதல்ல சுத்து எத்தனைன்னு எண்ணாம ஃப்ளாஷ தொடவே கூடாது.

அதே கணக்குல 20 ஹெர்ட்ஸ் போட்டா 54 டிகிரி, 180ஐ 54 சரியா வகுக்காது, அதனால பத்து வெட்டும் பத்து வேற வேற கோட்டுல விழும், 18 டிகிரிக்கு ஒண்ணுன்னு சக்கரம் முழுக்க ஆரம் வந்துரும். எடுத்தும் பாத்தோம், அம்சமா வந்துச்சு, புள்ளைங்க எல்லாம் அந்த படத்தத்தான் மொதல்ல கேட்டு வாங்குனாங்க. ஆனா ஆசான் கேள்விக்கு அது பதில் சொல்லாது, ஏன்னா பக்கத்து பக்கத்துல இருக்கற ரெண்டு ஆரம் அடுத்தடுத்த வெட்டு கிடையாது, பெரும்பாலும் ஒண்ணு ஒரு பாதி சுத்துல விழுந்தது இன்னொண்ணு வேற பாதி சுத்துல விழுந்தது, இடைவெளிய அளந்தா அர்த்தமே இல்ல. வரிசை கலைஞ்சு போன படம் அது.

வரிசை கலையாம இருக்கணும்னா எல்லா வெட்டும் பாதி சுத்துக்குள்ள முடியணும். பாதி சுத்து 1/6 நொடி. பத்து வெட்டு 1/6 நொடிக்குள்ளன்னா 60 ஹெர்ட்ஸ். இப்ப கம்பு பனை விசிறி விரிச்ச மாதிரி ஒரு பக்கமா வரிசையா விரியும், ஒவ்வொரு இடைவெளிக்கும் அர்த்தம் இருக்கும். கம்போட ஒரு பாதிக்கு கருப்பு இன்சுலேஷன் டேப்பும் இன்னொரு பாதிக்கு வெள்ள டேப்பும் சுத்திட்டா இன்னும் நல்லது, கருப்பு பாதி படத்துலயே வராது, அப்ப முழு சுத்து வரைக்கும் வரிசை கலையாது, வெட்ட கூட்டிக்கலாம். ஒரு பையன் வண்டிக்கு ஒட்டற ரேடியம் ஸ்டிக்கர் ஒட்டலாம்னு சொன்னான், அது இங்க உதவாது, ரேடியம் ஸ்டிக்கர் வெளிச்சம் வந்த பக்கத்துக்கே திருப்பி அனுப்பும், நம்ம ஃப்ளாஷ் பக்கவாட்டுல இருக்கு கேமரா நேரா இருக்கு, அது ஃப்ளாஷ பாத்து மின்னிட்டு நம்மள பாத்து மங்கலா நிக்கும். சாதா வெள்ள டேப்புதான் எல்லா பக்கமும் ஒரே மாதிரி தெரியும்.

விசிறி படத்துல வேற ஒரு சிக்கல். 1/6 நொடியில கம்பு பாதி சுத்து போயிருது, ஆனா பொண்ணோட உடம்பு அசையவே இல்ல, மூஞ்சியும் தோளும் பத்து வெட்டையும் வாங்கிட்டு 3 ஸ்டாப்புக்கு மேல வெளுத்து போயி பேய் மாதிரி நின்னுச்சு. மாரே பண்ணுனதயே பண்ணுனோம், கருப்பு பேண்ட், கருப்பு முழுக்கை டி-ஷர்ட். அளக்கறதுக்கு அது போதும். ஆனா சுத்தறவ மூஞ்சியே இல்லாத படத்த அவங்க வீட்டுல எப்படி குடுக்கறது, எனக்கே மனசு வரல. அதனால ரெண்டு ஃப்ளாஷயும் ரெண்டு வேலைக்கு பிரிச்சோம். ஒண்ணு ரிப்பீட்ல, தலையில கருப்பு அட்டைய குழாயா சுருட்டி, மூஞ்சி மேல படாம கம்பு போற பாதைக்கு மட்டும் ஒசரத்துல இருந்து. இன்னொண்ணுல ஸ்லேவ், அதாவது வேற ஃப்ளாஷ் அடிக்கறத பாத்து தானும் அடிக்கற வசதிய, ஆஃப் பண்ணிட்டு, பையன் கையில குடுத்து, விசிறி முடிஞ்சதும் டெஸ்ட் பட்டன ஒரே ஒரு தடவ அமுக்க சொன்னோம், ஷட்டர் 1 நொடி தெறந்தே இருக்கு, அந்த ஒத்த வெட்டுல மூஞ்சி, தோள், செவப்பு இடுப்பு துண்டு எல்லாம் சரியான வெளிச்சத்துல பதிஞ்சுருது. டைமிங்குக்கு ஆசானே காலால தரைய தட்டி எண்ணுனாரு, நாலாவது தட்டுக்கு ஷட்டர். அவரு தாளத்துக்கு பொண்ணு சுத்து சரியா வந்து விழுந்துச்சு, ரிமோட் சென்சார் எதுவும் தேவைப்படல.

காலடி வரிசைய எடுத்தத சுருக்கமா சொல்லிடறேன். 4 மீட்டர் தூரத்த பக்கவாட்டுல ரெண்டு நொடியில கடந்தா, 4 ஹெர்ட்ஸ்ல 8 வெட்டு, அரை மீட்டருக்கு ஒரு உருவம், உடம்பு ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம நிக்குது. இந்த முறையில முன்னாடி பின்னாடின்னு மறைக்கறதே கிடையாது, வெளிச்சம் கூட்டிக்கிட்டேதான் போகும், ஏறிட்டா ரெண்டும் கண்ணாடி மாதிரி கலந்துரும், அதனால தூரத்த வெட்டு எண்ணிக்கையால வகுத்து தோள் அகலத்த விட அதிகமா வருதான்னு பாத்துட்டா போதும்.

ஏற்காட்டுலயும் ஒரு ராத்திரி முயற்சி பண்ணுனோம், தெரு விளக்கே இல்லாத ஒரு காபி எஸ்டேட் களத்துல. கீழ சேலத்துல எவ்வளவு மூடுனாலும் ஊரு வெளிச்சம் வானத்துல இருக்கும், மேல இருபது கொண்டை ஊசி தாண்டி போயிட்டா இருட்டுக்கு பஞ்சமில்ல, பின்னாடி துணியே வேணாம், பள்ளத்தாக்குதான் பின்னணி. மூடுபனி இல்லாத முக்கால் மணி நேரத்துல வந்த படம் மண்டபத்து படத்த விட ஆழமான கருப்பு. அப்பறம் பனி இறங்குச்சு. காத்துல இருக்கற அசையாத பொருள் மாதிரிதான் பனி நடந்துக்குது, ஒவ்வொரு வெட்டும் அத ஏத்திட்டே போகுது, ஒத்த ஃப்ளாஷுல கண்ணுக்கே தெரியாத பனி பத்து வெட்டுல பால் மாதிரி ஆயிருது. ஃப்ளாஷ கேமராவுல இருந்து இன்னும் தள்ளி, சுத்தறவளுக்கு நேர் பக்கவாட்டுல வெச்சு, வெட்ட அஞ்சா கொறைச்சதும் கம்பு திரும்ப தெரிஞ்சுச்சு, கூடவே ஃப்ளாஷுல இருந்து வர்ற வெளிச்ச பாதையும் லேசா தெரிஞ்சுச்சு. பாக்க எனக்கு புடிச்சிருந்துச்சு, அளக்க லாயக்கில்ல. அளக்கற வேலைக்கு மூடுன மண்டபம்தான்னு என் முடிவு, ஏற்காடு போறவங்க பங்குனி சித்திரையில பனி கம்மியா இருக்கறப்ப போங்க.

இனி அந்த விசிறி படம் என்ன சொல்லுச்சுன்னு வர்றேன். பிரிண்ட் போட்டு, பொண்ணோட மணிக்கட்ட மையமா வெச்சு, ஜாமெட்ரி பாக்ஸ் கோணமானியாலதான் அளந்தோம். சுத்தற தளம் கேமராவுக்கு நேரா இருக்கணும், சாஞ்சிருந்தா கோணம் பொய் சொல்லும், அதனால நேரா சுத்துன படத்த மட்டும்தான் எடுத்துகிட்டோம். மேல இருந்து எறங்கறப்ப கோட்டுக்கு கோடு 20 டிகிரி, 60 ஹெர்ட்ஸ்ல அது நொடிக்கு 1200 டிகிரி, மூணேகால் சுத்துக்கு மேல. மணிக்கட்டு புரண்டு பிடி மாறுற எடத்துல கோடெல்லாம் நெருங்கி 12 டிகிரிக்கு வந்துருச்சு, நொடிக்கு 2 சுத்து. ஒரே வீச்சுக்குள்ள இவ்வளவு வித்தியாசம். ஆசான் பிரிண்ட கையில வாங்குனவரு அந்த நெருங்குன எடத்துல கட்டை விரல வெச்சு, "பாத்தியா பாப்பா, இங்கதான் சத்தம் அடங்குதுன்னு நான் தினம் சொல்றேன், கட்டை விரலு கம்ப அமுக்கி புடிக்குது, அது சும்மா தாங்கிட்டு மட்டும் இருக்கணும்"னாரு. அந்த பொண்ணு ரொம்ப நேரம் படத்தயே பாத்துட்டு, "மாஸ்டர், எனக்கு இங்க வேகமா போற மாதிரிதான் இருந்துச்சு"ன்னு சொன்னா. கை வேலை பண்ற எடத்துல வேகமா இருக்கற மாதிரி தோணும், அங்கதான் கம்பு மெதுவாகும்னு ஆசான் சொன்னாரு, எனக்கு இது புதுசு.

ரெண்டு மாசம் கழிச்சு அதே மண்டபத்துல அதே செட்டிங்ல திரும்ப எடுத்தோம். 60 ஹெர்ட்ஸ், 10 வெட்டு, 1/32, ஐஎஸ்ஓ 800, எஃப் 8, ஃப்ளாஷ் தூரம் கூட டேப் வெச்சு அளந்து அதே 2 மீட்டர், ஒண்ண மாத்துனாலும் ஒப்பிட முடியாதுன்னு ரொம்ப கவனமா இருந்தோம். மேல 20 டிகிரி அப்படியே இருக்கு, பிடி மாறுற எடத்துல 12 இருந்தது 16 ஆயிருக்கு, அதாவது நொடிக்கு 2 சுத்துல இருந்து 2.7 கிட்ட. ஒரு பொண்ணு, ஒரு வீச்சு, இத வெச்சு எல்லாருக்கும் இப்படித்தான்னு நான் சொல்லல, ஆனா ஆசான் காதுக்கு கேட்டது படத்துலயும் இருக்குன்னு ரெண்டு தடவயும் உறுதியாயிருச்சு.

அடுத்து ரெட்டைக் கம்பு எடுக்கணும்னு கேட்டிருக்காரு. அதுல ரெண்டு கையும் வேற வேற வேகத்துல போகும், விசிறி ரெண்டு ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஏறிக்கும். வலது கை கம்புக்கு செவப்பு டேப்பு இடது கைக்கு வெள்ள டேப்பு ஒட்டி பிரிச்சு காட்டலாம்னு யோசிச்சு வெச்சிருக்கேன், செவப்பு டேப்பு வெள்ளைய விட வெளிச்சத்த கம்மியா திருப்பும், அதனால அந்த பக்கத்து ஃப்ளாஷ ஒரு ஸ்டாப் ஏத்தி 1/16ல வெக்கணும், அப்ப எரியற நேரம் 1/10,000 நொடி பக்கம் போகும், நுனி ஒன்றரை மில்லிமீட்டர் நகரும், பிரிண்ட்ல அது தெரியாது. ரெண்டு ஃப்ளாஷும் ஒரே நொடியில ஆரம்பிக்கணும்ங்கறதால ஒண்ண ரிப்பீட்லயும் இன்னொண்ண ஸ்லேவ்லயும் வெச்சு ஓட்டிப்பாக்கணும், 60 ஹெர்ட்ஸ்ல ஸ்லேவ் ஒரு வெட்டு கூட விடாம கூட வருதான்னு மொதல்ல அந்த கிரிக்கெட் பந்த கீழ விட்டு பாத்துடறேன்.